அல்லிராணிக் கோட்டையடியில் எடுத்த படங்கள்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள், சிலாவத்துறை, அரிப்புப் பகுதிப் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்திய உரை)



சிலாவத்துறை, அரிப்பு, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி, முசலி என்று தெற்கே கிடக்கும் ஊர்களிலிருந்து வந்து இங்கே படித்தவர்கள் நாங்கள். விடுதியில் எங்களுக்குப் பெயர் 'அக்கரைப் பிள்ளைகள்'. அருவியாற்றுக்கு அப்பாலிருந்து வருகிறவர்கள் என்று பொருள். மாரியில் ஆறு பெருகினால் விடுமுறை முடிந்தும் நாங்கள் வந்து சேரமாட்டோம். ஏன் பிந்தினீர்கள் என்று கேட்டால் 'ஆறு' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லுவோம். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஆறு வற்றிக் கிடந்த காலத்திலும் அந்தப் பதிலைச் சொல்லித் தப்பியதுண்டு. அன்று நம்பிய ரீச்சர்மார் சிலர் முன்வரிசையில் இருக்கிறார்கள். இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

விழாக்குழு எங்களை ஊரைப் பற்றிப் பேசச் சொன்னது. ஊர் முழுவதையும் பதினைந்து நிமிடத்தில் சொல்ல முடியாது. ஆகவே ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்லப் போகிறோம். உங்களில் பலர் அந்த வீட்டடியில் நின்று படம் எடுத்திருக்கிறீர்கள். எட்டாம் ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலா என்றால் பஸ் அங்கேதான் போகும். அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் இடையில், கடலோரத்து மண்திட்டியில், செங்கல் தெரிய நிற்கும் அந்த இடிபாடு. நாங்கள் அதை அல்லிராணிக் கோட்டை என்போம்.

முதலில் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம். அனுராதபுரத்தைத் தொட்டு வரும் மல்வத்து ஓயாதான் எங்கள் பக்கத்தில் அருவியாறு ஆகிறது. 164 கிலோமீற்றர் நீளம். தேக்கத்தில் மறித்து ஒரு பங்கு நீரைக் கட்டுக்கரைக்குளத்துக்கு அனுப்புகிறார்கள். மிச்சம் அரிப்புக்கு வடக்கே கடலில் விழுகிறது. 1679 ஒக்டோபரில், கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், ஒரு தோழருடன் இந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டு காட்டுவழியே நடந்து வந்து, ஒல்லாந்தர் கையிலிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். இந்தப் பாடத்தை நடத்திய சரித்திர ரீச்சர் ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளைகள், அருவியாற்றைப் பிடித்து நடந்தால் எங்கே போய்ச் சேரலாம்?" கடைசி வரிசையிலிருந்து நாங்கள் ஒரே குரலில் சொன்னோம்: "வீட்டுக்கு ரீச்சர்!" அவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் கோட்டை சிறியது. போர்த்துக்கேயர் தொடங்கியது, ஒல்லாந்தர் வைத்திருந்தது, பிரித்தானியர் காலத்தில் தங்குமடமாகவும் இருந்தது. அதிலிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றர் தெற்கே வந்தால் நாம் சொல்லும் வீடு.

அதைக் கட்டுவித்தவர் பிரெடெரிக் நோர்த். இலங்கையின் முதல் பிரித்தானியத் தேசாதிபதி, 1798 முதல் 1805 வரை. வீட்டு வேலை 1801 இல் தொடங்கி 1804 இல் முடிந்தது. முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்கி, பார்களின் பக்கமாகக் கடலைப் பார்த்திருக்க ஒரு மாளிகை. இரண்டு தட்டு, முன்பக்கத்தில் கிரேக்கக் கோயிலில் நிற்பதைப் போலத் தடித்த தூண்கள். அந்தத் தூண் வகைக்கு டொரிக் என்று பெயர். அதனால்தான் ஆங்கில நூல்களில் வீட்டுக்கும் டொரிக் என்றே பெயர். நோர்த்துக்குக் கிரேக்கத்தின் மேல் அப்படியொரு பித்து. பிற்காலத்தில் கோர்ஃபு தீவுக்குப் போய், அங்கே கிரேக்க மாணவர்களுக்காக ஒரு பல்கலைக்கழகமே தொடங்கினார். எங்கள் பனைக்கும் உடைமரத்துக்கும் நடுவில் அவர் நட்ட தூண்கள் அந்தப் பித்தின் முதற்பயிர் என்று சொல்லலாம். வெள்ளைச் சாந்து பூசிய சுவர் தூரக் கடலிலிருந்தே தெரிந்ததால் கப்பல்காரர்களுக்கு அது ஓர் அடையாளமாகவும் இருந்தது. அந்தச் சாந்து முத்துச்சிப்பி சுட்ட சுண்ணாம்பு என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

வீடு முடிந்த அடுத்த ஆண்டே நோர்த் நாடு திரும்பினார். இத்தனை செலவழித்துக் கட்டிய மனிதர் அதில் எத்தனை நாள் கண்ணயர்ந்திருப்பார்!

இந்த வீட்டைப் பற்றி எழுதியவர்களில் ஜேம்ஸ் கோடினர் என்று ஒருவர். ஸ்கொட்லாந்துக்காரர், படைப்பிரிவின் குருவானவராக 1799 இல் கொழும்புக்கு வந்தவர், இங்கே பாடசாலைகளின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. 1807 இல் வெளியான தம் நூலில், இலங்கையில் தாம் கண்டவற்றுள் முறையான கட்டடக்கலைப்படி எழுந்த வீடு இது என்று மெச்சியிருக்கிறார்.

எங்களில் ஒருத்தி இப்போது அபர்டீனில் இருக்கிறாள். கோடினரின் தகப்பனார் குருவாக இருந்த பான்ஃப் என்னும் சிற்றூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் வந்து, எங்களுக்கு நீண்ட கடிதம் எழுதினாள். டெவரன் என்ற ஆறு கடலில் விழும் இடத்து ஊர். ஆற்றங்கரையில் டஃப் ஹவுஸ் என்றொரு பெரிய மாளிகை. வில்லியம் அடம் என்ற பேர்பெற்ற கட்டடக் கலைஞர் 1735 இல் தொடங்கியது. கட்டுவித்த பிரபுவுக்கும் அவருக்கும் கணக்கில் தகராறு வந்து வழக்குக்குப் போனது. பிரபு கடைசிவரை அந்த வீட்டில் குடியிருக்கவே இல்லை. அந்த வழியால் போகும்போது வண்டியின் திரையை இழுத்து மூடிக்கொள்வாராம். "பாரடி, ஆறு கடலில் விழுகிற இடம், பெரிய வீடு, கட்டினவன் இருக்கவில்லை. நம்மட ஊர்க் கதை மாதிரியே இல்லையா?" என்று எழுதியிருந்தாள். பிறகு ஒரு வரி: "ஆனால் இதுக்குக் கூரை இருக்கு. நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போய் ஓவியம் பார்க்கலாம்."

அந்த வரியைத்தான் எங்களால் மறக்க முடியவில்லை.

சகோதரிகளே, நோர்த்தின் வீடு எதைப் பார்த்துக் கட்டப்பட்டதோ அதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் துரைமாளிகை. சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. சலாபத்துறைதான் சிலாவத்துறை ஆனது என்பார்கள். ஊருக்கு நேரே கடலில் பெரியபார், செவல்பார் என்று பார்கள். மாசி, பங்குனி, சித்திரையில் கடல் அடங்கியிருக்கும்போது குளிப்பு. கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், அரபுநாடு என்று எங்கிருந்தெல்லாமோ வள்ளங்கள் வரும். அதுவரை நரி ஊளையிட்ட மணற்காட்டில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரம் எழும்பும். குளிகாரன் கல் கட்டிய கயிற்றில் காலை ஊன்றி இறங்குவான். ஒரு மூச்சுக்குள் கைக்குக் கிடைத்த சிப்பியைக் கூடையில் வாரிப் போட்டுக் கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவன் தூக்குவான். சுறா வாயைக் கட்டும் மந்திரக்காரனுக்குக் கடல்கட்டி என்று பெயர். அவன் கரையில் நின்று மந்திரம் சொல்லாவிட்டால் குளிகாரர் இறங்கமாட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளும் வேறு வழியில்லாமல் கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தார்கள்.

கரைக்கு வந்த சிப்பியைக் கொட்டு எனப்படும் அடைப்புக்குள் குவித்து எண்ணுவார்கள். குளிகாரருக்கு உரிய பங்கு போக மிச்சம் அரசாங்கத்துக்கு. அது ஏலத்தில் போகும். வாங்கியவர்கள் சிப்பியை அழுக விடுவார்கள். ஈயும் புழுவும் தின்று தீர்த்த பிறகு கழுவி, எஞ்சிய மண்ணை அரித்து அரித்து முத்தைப் பொறுக்குவார்கள். அப்படி அரித்ததால்தான் அரிப்பு என்று பெயர் வந்தது என்பது ஊரில் வழங்கும் ஒரு விளக்கம். அந்த நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்பதை லெனாட் வுல்ஃப் அறிவார். 1906 இல் மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் வேலை பார்த்த இளம் அதிகாரி அவர். பிற்பாடு அதை வைத்து ஒரு கதையும் எழுதினார். ராணிமார் கழுத்தில் கிடந்த மாலைகளின் வாசம் அது.

வருமானமும் நிலையானதல்ல. 1796 முதல் 1798 வரை பிரித்தானியர் ஆண்டுதோறும் வாரி எடுத்தார்கள். அதன் பிறகு பார்கள் மெலிந்தன. 1837 க்குப் பின் 1855 வரை குளிப்பே இல்லை. 1905 இல் 8 கோடிக்கு மேல் சிப்பி, ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் வருமானம். உடனே 1906 இல் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகை கொடுத்தார்கள். 1907 க்குப் பிறகு பாரில் சிப்பி இல்லை. கம்பனி நொடித்தது. 1925 இல் சின்னதாக ஒரு குளிப்பு. எங்கள் பாட்டன்மாரின் கதையெல்லாம் அந்த ஒன்றைப் பற்றியதுதான். அதுவும் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் முத்து கொஞ்சம் பெருத்துக்கொண்டே போகும்.

சரி, தேசாதிபதியின் வீடு எப்படி அல்லிராணியின் கோட்டை ஆனது?

அல்லி அரசாணி மாலையை உங்கள் அம்மம்மாமார் பாடக் கேட்டிருப்பீர்கள். அதில் அல்லி மதுரையை ஆண்டவள். எங்கள் கரையில் அவள் குதிரைமலையில் இருந்து முத்து வணிகம் நடத்தியவள். குதிரைமலை எங்கள் தெற்கே, வில்பத்துக் கரையில், செம்மண் முனையாகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே அவளுக்கு அரண்மனை இருந்தது, கடல் கொண்டுபோனது என்பார்கள். நோர்த்தின் பெயர் ஊர் வாயில் நுழையவில்லை. தூண் வைத்த பெரிய வீடு, முத்துக்கடலைப் பார்த்த வீடு என்றால் அது அல்லிக்குத்தானே சேரும்? அவள் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சரித்திரம் படித்த பிறகு எங்களில் சிலருக்கு அது வெட்கமாக இருந்தது. வெளியூர்ப் பிள்ளைகளிடம் "இது உண்மையில் டொரிக் பங்களா" என்று திருத்துவோம். இப்போது அப்படித் திருத்துவதில்லை. நாங்கள் இருந்த விடுதியையே ஊரார் 'அல்லி இராச்சியம்' என்று கேலி செய்தார்கள் அல்லவா? ஆண்வாடை இல்லாத இடம், பெண்கள் வைத்ததே சட்டம் என்று. அந்தக் கேலிக்குப் பயந்து மகளைப் படிக்க அனுப்பாத தகப்பன்மாரும் இருந்தார்கள். அதைக் காதில் போடாமல் அருவியாற்றைக் கடத்தி அனுப்பிய தகப்பன்மாரும் இருந்தார்கள். நாங்கள் பின்னவர்களின் பிள்ளைகள். எங்களுக்கு அல்லிமேல் ஒரு பட்சம் இருக்கத்தான் செய்யும்.

இனி, சொல்லக் கடினமான பகுதி.

எங்கள் குழுவில் பாதிப்பேர் முஸ்லிம்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது முசலிப் பகுதியே காலியானது. கையில் எடுத்துப் போக முடிந்தது கொஞ்சம். குழந்தைக்குப் பால்மா, ஒரு மாற்றுடுப்பு. அல்பத்தைத் தூக்கி வந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. புத்தளத்து முகாம்களில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்கு மணம் முடித்து, பேரப்பிள்ளை கண்டவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். மற்றப் பாதிப்பேர் மடுவுக்கும் இந்தியாவுக்கும் கனடாவுக்குமாகச் சிதறினோம். அங்கேயே இருந்தவர்களும் 2007 செப்ரெம்பரில் வெளிக்கிட்டார்கள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தைக் கிணற்றை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். ஆக, ஒருவரிடமும் படம் இல்லை. பன்னிரண்டு வயதிலும் பதினான்கு வயதிலும் எங்கள் முகம் எப்படி இருந்தது என்று எங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றுமே இல்லை.

சில வருடங்களுக்கு முன் ரொறன்ரோவிலிருந்து ஒரு படம் வட்ஸ்அப்பில் வந்தது. கலவரத்துக்கு முன்னமே குடும்பத்தோடு போய்விட்ட ஒரு சிநேகிதி அனுப்பியது. சுற்றுலாவின்போது மன்னார்ப் பட்டினத்து ஸ்ரூடியோக்காரர் எடுத்த கறுப்புவெள்ளைப் படம். அல்லிராணிக் கோட்டைச் சுவரடியில் மூன்று வரிசை. நடுவில் ரீச்சர். ஒருத்தி ஜன்னல் கட்டில் ஏறி இருந்து காலை ஆட்டுகிறாள்; அதற்காக அவளுக்கு அன்று நல்ல பேச்சு விழுந்தது. புத்தளத்தில் இருக்கும் எங்கள் தோழி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, குரல் பதிவில் ஒரே ஒரு கேள்வி அனுப்பினாள்: "பின்வரிசை, இடது மூலையில, தாவணிய வாயில கடிச்சுக்கொண்டு நிக்கிறது நானா?"

அவள்தான்.

அந்த வருடம் பள்ளி விடுமுறையில் நாங்கள் ஒன்பது பேர் படத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு கோட்டையடிக்குப் போனோம். அதே இடத்தில், அதே வரிசையில் நின்று ஒரு படம் எடுப்பது எண்ணம். முன்வரிசைக்கு இடம் இருந்தது. நடுவரிசை கொஞ்சம் நெருக்கிக்கொண்டு நின்றது. பின்வரிசைக்கு நிலம் இல்லை. அவள் தாவணியைக் கடித்துக்கொண்டு நின்ற மூலை, அந்தத் திட்டி, சுவர், எல்லாம் சரிந்து கீழே கடற்கரை மணலில் செங்கற் பாளங்களாகக் கிடந்தன. ஜன்னல் கட்டு இருந்த சுவரைக் காணவே இல்லை. அவள் விளிம்புவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் கடலுக்கை நிக்கிறேனடி" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு வானில் ஏறித் திரும்பும்வரை பெரிதாக ஒன்றும் பேசவில்லை.

அரிப்பு என்றால் கடலரிப்பும்தான். ஊரின் பெயரிலேயே இருக்கிறது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. வாடைக்காற்றுக் காலமும் சோளகக் காலமும் மாறி மாறி அந்த மண்திட்டியின் அடியைத் தின்கின்றன. மேலே இருக்கும் செங்கல் 200 வருடத்துக்கு மேல் நின்றுவிட்டது. கீழே பிடிமண் இல்லாதபோது அது என்ன செய்யும்?

எங்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறோம். வீடிழந்த சனத்துக்கு இன்னும் வீடு முழுமையாக வரவில்லை, காணிப் பிரச்சினை தீரவில்லை, இந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் உல்லாச மாளிகைக்குக் கண்ணீரா என்று எங்களில் ஒரு பகுதியினர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அடிமூச்சு பிடித்து முத்தெடுத்தவனின் கொட்டில் எங்கே நின்றது என்று ஒருவருக்கும் தெரியாது. பார்த்திருந்தவனின் மாளிகைக்கு மட்டும் சரித்திரம். அதற்கு அந்தப் புத்தளத்துத் தோழிதான் மறுமொழி சொன்னாள்: "துரைக்காக இல்லையடி. நான் அந்த ஊரில இருந்தன் எண்டதுக்கு என்னட்ட இருக்கிற ஒரே படம் அந்தச் சுவரோட தான் நிக்குது." அதன் பிறகு நாங்கள் வாதாடவில்லை.

கடலோரக் காப்பு அணை கட்டுவது எங்கள் சங்கத்தால் ஆகிற காரியமல்ல. அது அரசாங்கத்தின் வேலை. கேட்க வேண்டிய இடங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். எங்கள் கையால் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்தப் பாடசாலையிலிருந்து அங்கே எத்தனை வகுப்புகள் சுற்றுலா போயிருக்கும்! ஒவ்வொரு வகுப்பும் அந்தச் சுவரடியில் வரிசையாக நின்றிருக்கும். அந்தப் படங்களை வருடவாரியாக அடுக்கினால் எந்த வருடம் எந்தத் தூண் நின்றது, திட்டி எவ்வளவு தூரம் கடலுக்குள் நீண்டிருந்தது என்று பார்த்துச் சொல்லலாம். ஒரு நில அளவையாளரிடம் காட்டினோம். ஆட்கள் நிற்கிற உயரத்தை வைத்தே ஓரளவு கணக்குப் பண்ணலாம் என்றார். எங்கள் இரட்டைப் பின்னலுக்கும் வெள்ளைச் சப்பாத்துக்கும் இப்படியொரு பயன் வரும் என்று யார் நினைத்தது!

ஆகவே லண்டனிலும் பாரிஸிலும் சிட்னியிலும் கொழும்பிலும் புத்தளத்திலும் இருந்து இந்த மலரை வாசிக்கப் போகும் சகோதரிகளிடமும் கேட்கிறோம். பெட்டியடியில், பழைய பைபிளுக்குள், மாமியாரின் அலுமாரியில், எங்கே இருந்தாலும் தேடுங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, உங்கள் கண் மூடியிருந்தாலும் பரவாயில்லை. மூலப்படத்தை அனுப்ப வேண்டாம், படத்தைப் படம்பிடித்து அனுப்பினால் போதும். எந்த வருடம், எந்த வகுப்பு, நிற்கிறவர்கள் யார் யார் என்று நினைவிருக்கும்வரை எழுதுங்கள். பெயர் மறந்துபோனால் 'சிரிக்கிறவள்' என்றாவது எழுதுங்கள், நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். சேர்கிற படங்கள் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து, அதில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் அல்லது அவர்கள் பிள்ளைகளுக்கும் அனுப்புவோம்.

மண்டபத்தின் பின்பக்கம், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறோம். இதுவரை கிடைத்த படங்களை அதில் ஒட்டியிருக்கிறோம். பெயர் தெரியாத முகங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறோம். பென்சிலும் அழிறப்பரும் நூலில் கட்டித் தொங்குகின்றன. இடைவேளையில் வந்து பாருங்கள். கண்ணாடியை மறக்காமல் போட்டுக்கொண்டு வாருங்கள், நாங்களும் இப்போது அது இல்லாமல் ஒருவரையும் அடையாளம் காண்பதில்லை.